அந்து விழுந்த கிடங்கு

முதல் பெட்டி வந்தபோது கிடங்கம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை அலுவலகத்திலிருந்து விளக்குமாறு, பினாயில், கைவிளக்குக்கு பேட்டரி என்று ஏதாவது வரும். அந்த முறை வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'சாக்கு நூல் இருபது கண்டு, கோணூசி ஆறு' என்று இருந்தது. சாக்குத் தைக்கிற நூலும் ஊசியும் யாரோ எதற்கோ ஆர்டர் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பெட்டி தன் சோற்றில் மண் அள்ளிப் போடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அது மாவுப் பொட்டலம் போடுகிற கம்பெனி. ஆலைகளிலிருந்து ஐம்பது கிலோ மூட்டைகளில் வரும் மாவைச் சலித்து, ஒரு கிலோ, அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டிக் கடைகளுக்கு அனுப்புவார்கள். மூட்டைகள் இறங்கும் கிடங்கு அவள் பொறுப்பு. பதினோரு வருடமாக அவள்தான் அங்கே. மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர்தான் கிடங்கம்மா. அது நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவளுடைய சொந்தப் பெயர் கிடையாது.

காலையில் வந்ததும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டியாகச் சுற்றுவாள். கூரைக்கு அரை ஆள் உயரம் மிச்சம் வைத்து மூட்டைகளை அடுக்கியிருப்பதைத்தான் அட்டி என்பார்கள். மொத்தம் பதினான்கு அட்டி. ஈரம், எலி, வண்டு, பூசணம் என எது கண்ணில் பட்டாலும் பார்வைப் புத்தகத்தில் எழுதுவாள். மாலையில் புத்தகம் எதிர்க் கட்டடத்துக்குப் போகும். அங்கே தர அலுவலர் அதைப் படித்துக் கணினியில் ஏற்றுவார். மறுநாள் காலையில் புத்தகம் திரும்பி வரும். பழைய தர அலுவலர் ஓய்வு பெற்றபின் ஓர் இளைஞர் அந்த இடத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். தொலைபேசியில் மட்டும் "சொல்லுங்கக்கா" என்று மரியாதையாகப் பேசுவார். கிடங்குக்குள் காலடி வைத்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை நாலாம் அட்டியில் விளக்கை அடித்தபோது, மூட்டையின் தைத்த வாயில் சிலந்தி கட்டினாற்போல மெல்லிய நூல் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். நூலோடு மாவு கட்டிகட்டியாகத் தொங்கியது. தலையை நிமிர்த்தினால், கூரை விட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஏழெட்டுப் பூச்சிகள், அரை நகம் அளவு, சிறகை மடக்கிக்கொண்டு ஒட்டியிருந்தன.

அந்து.

அவளுக்கு வேறு பெயர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு விதைக் கிடங்கில் வேலை பார்த்தாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எலி கடிக்கும், வண்டு துளைக்கும், பூசணம் பூக்கும், அந்து விழும். 'அந்து வந்திருக்கு' என்று யாரும் சொல்வதில்லை. இடி விழுகிற மாதிரி, அது விழுந்துதான் ஆக வேண்டும். அந்து விழுந்தது என்றால் கேட்கிறவன் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். வண்டு என்றால் அந்த மூட்டையோடு போயிற்று. அந்து பறக்கிற சாதி. ஓர் அட்டியில் முட்டை போட்டுவிட்டு அடுத்த அட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கிடங்கை மொத்தமாக மூடி, தார்ப்பாய் போர்த்தி, புகை மருந்து வைத்தால்தான் ஒழியும்.

வெறுமனே 'பூச்சி' என்று எழுதியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். முந்தின வருடம் அப்படித்தான் எழுதினாள். மருந்துக்காரர்கள் வந்து மூலைக்கு மூலை கரப்பானுக்கு மருந்து தடவிவிட்டுப் போனார்கள். அதனால்தான் இந்த முறை கவனமாக, சுத்தமாக எழுதினாள்:

'நாலாம் அட்டி. அந்து. வாய்த் தையலில் நூல் கட்டியிருக்கிறது. உடனே கவனிக்கவும்.'

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டாள். "சார், அந்து விஷயம் எழுதியிருந்தேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன்கா. ஏற்பாடு பண்ணிட்டேன். சனிக்கிழமைக்குள்ள வந்துரும்."

சனிக்கிழமை நூல் பெட்டி வந்தது. மருந்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவது வழக்கம். அன்றைக்குக் கிடங்கு பூட்டியிருக்கும், அவளுக்கும் விடுமுறை. ஆகவே ஞாயிறு வந்து போயிருப்பார்கள் என்று நம்பினாள். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் மருந்து நெடியே இல்லை. விட்டத்தில் இருந்த ஏழெட்டு, முப்பது நாற்பதாகியிருந்தது. மறுபடி எழுதினாள்: 'நாலு, ஐந்து, ஏழாம் அட்டிகளில் அந்து. குறையவில்லை.' இன்னொரு பெட்டி நூல் வந்தது.

நான்காவது வாரம் மேஸ்திரி அவள் மேசை முன்னால் வந்து நின்றார். மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் அவர். ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை சுமப்பார் என்பதால் 'ரெட்டை மூட்டை' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. கையில் ஒரு சுற்றறிக்கை.

"ஏம்மா, எங்க வயித்துல அடிக்கணும்னு எத்தனை நாளா காத்துட்டிருந்தே?"

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"நாங்க கொக்கி போட்டு இழுத்து சாக்கைக் கிழிக்கிறோமாம். இனிமே கொக்கியே தொடக்கூடாதாம். கிழிஞ்ச மூட்டைக்கு அரை நாள் கூலி பிடிப்பாங்களாம். எல்லாம் கிடங்கிலேர்ந்து வந்த குறிப்புப்படின்னு கீழே போட்டிருக்கு. கிடங்குன்னா நீதானே?"

"நான் சாக்கு கிழிஞ்சுதுன்னு ஒரு வரிகூட எழுதல அண்ணே. சத்தியமா."

"சத்தியம் சர்க்கரைப் பொங்கலா, வாயில போட்டதும் இனிக்க?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன்பிறகு அவளிடம் யாரும் பேசவில்லை. கொக்கியில்லாமல் மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கித் தூக்கி ஆட்களின் விரல் நுனி வெடித்தது. துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். அவளைக் கடக்கும்போது வேண்டுமென்றே கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு போனார்கள்.

அவள் அன்றே எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். மேலாளர் வெளியூர். தர அலுவலர் கூட்டத்தில். வரவேற்பில் இருந்த பெண், "எழுதிக் குடுங்க, சேத்துடறேன்" என்றாள். சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாள்: 'அந்து மிக அதிகம். எல்லா அட்டியிலும் நூல். அவசரம்.'

மூன்றாவது பெட்டி வந்தது. இந்த முறை பெரியது.

ஆறாவது வாரம் யாரோ ஒரு வீட்டுக்காரப் பெண் தன் சமையலறையில் ஒரு கிலோ பொட்டலத்தைக் கத்தரியால் வெட்டுவதைத் தொலைபேசியில் படம் எடுத்து உலகத்துக்கே அனுப்பிவிட்டாள். பொட்டலம் திறந்ததும் இரண்டு பூச்சிகள் பறந்து வந்து விளக்கில் மோதின. "மாவுக்குக் காசு கேட்டாங்க, பறக்கிறதுக்கு இலவசமாம்" என்று அந்தப் பெண் பேசியிருந்தாள். மாலைக்குள் அந்தக் காட்சியை ஊர் முழுக்கப் பார்த்தது. மறுநாள் லாரி லாரியாகப் பொட்டலங்கள் திரும்பி வந்தன. அதற்கு மறுநாள் கிடங்கம்மாவுக்குக் கடிதம் வந்தது. கிடங்கில் பூச்சி இருந்ததை ஆறு வாரம் தெரிவிக்கத் தவறியதால் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். வியாழக்கிழமை விசாரணை.

கடிதத்தை மூன்று முறை படித்தாள். முதல் இரண்டு முறையும் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பது போலத்தான் இருந்தது. மூன்றாவது முறை 'தெரிவிக்கத் தவறியதால்' என்ற இடத்தில் கண் நின்றது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். "எழுதினது புஸ்தகத்துல இருக்கில்ல? அப்புறம் என்ன பயம்?" என்றார்.

"பயம்னு யார் சொன்னா? எனக்கு வர்ற கோவத்துக்கு அந்தக் கட்டடம் பத்தி எரியணும்."

"எரிஞ்சா லிஃப்ட் நிக்கும். என்னைத்தான் கூப்பிடுவாங்க."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மேலாளர், வலப்பக்கம் பணியாளர் துறை அதிகாரி அம்மாள், இடப்பக்கம் மடிக்கணினியுடன் வெள்ளைக் கோட்டு. அவளுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ஆறு வாரமா பூச்சி இருந்திருக்கும்மா. ஒரு நாள்கூட நீங்க எழுதல. ஏன்?" என்று மேலாளர் தொடங்கினார்.

"எழுதினேன் சார். பதினெட்டு நாள் எழுதியிருக்கேன்."

தர அலுவலர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "பூச்சின்னு ஒரு பதிவுகூட இல்ல சார். எல்லாமே சாக்குக் கிழிசல்."

"கிழிசலா? நான் எங்க கிழிசல்னு எழுதினேன்? புஸ்தகத்தை எடுங்க."

புத்தகம் வந்தது. அதிகாரி அம்மாள் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தாள். "'நாலாம் அட்டி. அந்து. வாய்த் தையலில் நூல் கட்டியிருக்கிறது.'" நிமிர்ந்து பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு? சாக்கு அந்து போச்சு. நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க. அதனாலதான் அவர் நூல் அனுப்பியிருக்காரு."

கிடங்கம்மாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. இருபது கண்டு நூல், கோணூசி, சுற்றறிக்கை, வெடித்த விரல்கள், சனிக்கிழமைக்குள் 'வந்துரும்' என்றது, எல்லாம். உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறி வந்தது. தொண்டைக்கு வந்தபோது குரல் நடுங்கியது. அதை அழுகை என்று அவர்கள் நினைத்துவிடப் போகிறார்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அந்துன்னா அறுந்து போனதுன்னு நெனச்சீங்களா?"

"வேற என்னக்கா?" என்றார் தர அலுவலர். "செருப்பு அந்து போச்சு, கயிறு அந்து போச்சுன்னு சொல்றதில்லையா?"

"அந்துன்னா பூச்சி! மாவுல, தானியத்துல விழுற பூச்சி! நூல் கட்டியிருக்குன்னா அதோட புழு கட்டின நூல்! நான் கட்டினது இல்ல!"

மேலாளர் கையை உயர்த்தினார். "சத்தம் போடாதீங்க. எல்லாருக்கும் புரியற வார்த்தையா எழுதணும்மா. இந்த மாதிரி பழைய வார்த்தை, பேச்சு வழக்கெல்லாம் ஆபீஸ்ல கொண்டு வந்தா இப்படித்தான் ஆகும். அந்துன்னு ஒரு பூச்சியை நானே கேள்விப்பட்டதில்ல."

"கேள்விப்பட்டதில்லையா? சார், மாசாமாசம் கழிப்பறைக்கும் கை கழுவுற தொட்டிக்கும் வெள்ளை வெள்ளையா உருண்டை வாங்குறீங்களே. என் கிடங்கிலேர்ந்துதான் போகுது. சீட்டுல உங்க கையெழுத்து இருக்கு. அதுக்குப் பேர் என்ன?"

"எது, அந்துருண்டையா?" என்ற மேலாளர், வார்த்தை வாயைவிட்டு இறங்கியபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்துருண்டை. அறுந்த உருண்டைன்னு நெனச்சா இத்தனை வருஷமா வாங்குறீங்க?"

அதிகாரி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் கைத்தொலைபேசியில் எதையோ தட்டிப் பார்த்து, "இருக்கு சார். அந்துன்னா தானியத்துல உண்டாகிற சின்னப் பூச்சின்னு அகராதியிலயே போட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

மேலாளர் எளிதில் விடுகிற ஆள் இல்லை. "சரி, இருக்கட்டும். நூல் பெட்டி பெட்டியா வந்துதில்ல? எதுக்கு வந்துதுன்னு நீங்க கேட்டீங்களா? எண்பது கண்டு. அதெல்லாம் எங்க போச்சு?"

கடைசிக் கேள்வியில் இருந்த வாடை அவளுக்குப் புரிந்தது. திருட்டுப் பட்டமும் சேர்த்துக் கட்டப் பார்க்கிறார்.

"எந்திரிங்க" என்றாள்.

"என்ன?"

"எந்திரிச்சு வாங்க சார், கிடங்குக்கு. மூணு பேரும். பெட்டி அங்க இருக்கு, ஒட்டின டேப்புகூடப் பிரிக்கல. சாக்கு கிழிஞ்சிருந்தா நான் ஏன் அந்த நூலைத் தொடாம வெச்சிருக்கேன்? வந்து பாருங்க."

அவர்கள் வந்தார்கள். முற்றத்தைக் கடக்கும்போது அவள் தான் வைக்கும் ஒவ்வொரு எட்டையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே எண்ணினாள். அலுவலகப் படியிலிருந்து கிடங்குக் கதவுவரை நாற்பத்திரண்டு எட்டு. கதவைத் தள்ளியதும் உள்ளே அசைந்த காற்றில் விட்டத்திலிருந்தும் அட்டிகளின் முகட்டிலிருந்தும் பூச்சிகள் கிளம்பின. உமியைத் தூற்றின மாதிரி இருந்தது. ஒன்று மேலாளரின் சட்டைப் பைமேல் உட்கார்ந்தது. அவர் தட்டிவிட்டார். சாம்பல் தூள் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது.

அலமாரியில் மூன்று பெட்டிகள் இருந்தன. டேப் கிழியவில்லை.

"தெரியாதது தப்பில்ல சார்" என்றாள். அவள் பார்த்தது தர அலுவலரை. "எனக்கு உங்க கணினி தெரியாது. ஆனா நாப்பத்திரண்டு எட்டு. ஆறு வாரத்துல ஒரு தடவை வந்து, 'அக்கா, எந்த சாக்கு அந்துச்சு, காட்டுங்க'ன்னு கேட்டிருந்தா போதும். ஒரு தடவை."

அவர் குனிந்து பெட்டியின் டேப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாளே ஒரு கடிதம் வந்தது. வேலைக்குத் திரும்பலாம் என்று இருந்தது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தார். அவள் இரண்டாவது பத்தியைப் படித்தாள். 'வழக்கில் இல்லாத சொல்லால் தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குழப்பமே இதற்குக் காரணம். இனி அனைவருக்கும் புரியும் சொற்களையே பயன்படுத்துவதாகப் பணியாளர் உறுதியளிக்கிறார்.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"போட முடியாது" என்றாள்.

"வேலை கெடச்சிருச்சில்ல? ஒரு கையெழுத்துதானே?"

"நான் தப்பு பண்ணேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? வழக்கில் இல்லாத சொல்லாம். அவங்க வாய்ல இல்லாட்டி வழக்கில் இல்லையா?" கடிதத்தை அதே உறைக்குள் திணித்து, ஒட்டித் திருப்பி அனுப்பினாள்.

கையெழுத்துப் போடாமல் இருப்பது எளிதாக இல்லை. காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டு நிற்கும்போது, போக இடமில்லை என்பது முகத்தில் அறைந்தது. இன்னொன்றும் உறுத்தியது. நூல் எதற்கு வந்தது என்று அவளும்தான் கேட்கவில்லை. முதல் பெட்டியை விடலாம், மூன்றாவது பெட்டி வந்தபோதாவது கேட்டிருக்கலாம். 'எனக்கென்ன, வந்ததை வை' என்று பூட்டினாள். மேலாளர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் வாயிலிருந்து அது வந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. சீப்பைச் சுவரில் வீசி எறிந்தாள். ஒரு பல் உடைந்தது.

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு வாசலில் தர அலுவலர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் பார்த்தால் இன்னும் சின்ன வயதாகத் தெரிந்தார். வீட்டுக்காரர்தான் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவள் சமையலறை வாசலைவிட்டு நகரவில்லை.

"அக்கா, அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுருங்க. நீங்க போடலேன்னா, தப்பு என்மேலதான்னு எழுதுவாங்க. என்னைத் தூக்கிருவாங்க."

"உங்களைத் தூக்கணும்னு நான் கேக்கல. நடந்ததை எழுதணும்னு கேக்கறேன். நடந்ததை எழுதினா உங்க வேலை போகும்னா, அது நான் எழுதறதால போகல."

"நான் படிச்சதெல்லாம் வேற மொழியில. தமிழ் வீட்ல பேசினதோட சரி. எனக்கு அந்த வார்த்தை நிஜமாவே தெரியாதுக்கா."

"மறுபடியும் அதையே சொல்லாதீங்க. தெரியாததுக்கு நான் கோவிக்கல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வந்தேன்கா. ரெண்டாவது வாரம். இவ்வளவு சாக்கு எப்படிக் கிழியுதுன்னு பாக்கலாம்னு கிடங்கு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க பின்பக்கம் இருந்தீங்கபோல. மேஸ்திரியும் ஆளுங்களும் உக்காந்திருந்தாங்க. என் கோட்டைப் பாத்துட்டு, 'டாக்டர் வந்துட்டாருடா, யாருக்கு வயித்துவலி, படுங்கடா'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் திரும்பிப் போயிட்டேன். அப்புறம் வரல."

கிடங்கம்மாவுக்கு இன்னொரு கோபம் பிறந்தது. இது புதுசு. இதற்கு முகவரி வேறு.

"சிரிச்சா சிரிக்கட்டும்னு உள்ள வரணும் தம்பி. சிரிப்புக்குப் பயந்தா தரம் பாக்கற வேலைக்கு வரக்கூடாது" என்றாள். ஆனால் முதல் வேகம் இல்லை. "போங்க. நான் கேக்கறதைக் கேட்டுத்தான் வாங்குவேன். உங்களை வேலையை விட்டு அனுப்பக்கூடாதுங்கறதையும் சேத்துக் கேக்கறேன். அது உங்களுக்காக இல்ல. உங்களை அனுப்பிட்டா, எல்லாப் பாவத்தையும் உங்க தலையில கட்டிட்டு மேலாளர் கை கழுவிருவாரு."

அவர் போனபின் வீட்டுக்காரர் சொன்னார்: "கோவம் இருந்தாலும் வந்தவனை உக்காரச் சொல்லியிருக்கலாம்."

"உக்காந்தே இருக்கறதுதான் அவனுக்கு வியாதி."

மறுநாள் பணியாளர் துறை அம்மாளைப் பார்க்கப் போனாள். தான் கேட்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தாள். எந்தெந்தத் தேதிகளில் அந்து விழுந்ததாகக் கிடங்கிலிருந்து குறிப்பு வந்தது என்பதைக் கடிதத்தில் போட வேண்டும். அது கேட்டுத் தெளிந்துகொள்ளப்படாமல் கிழிசல் என்று பதிவாயிற்று என்று போட வேண்டும். அதற்காகத் தர அலுவலரை வேலையைவிட்டு அனுப்பக்கூடாது. மூட்டை தூக்குகிறவர்கள்மேல் வந்த சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், கொக்கியைக் கொடுக்க வேண்டும், பிடித்த கூலியைத் திருப்ப வேண்டும்.

அம்மாள் கடைசி வரியில் விரலை வைத்தாள். "உங்க விஷயம் சரி. இவங்க விஷயத்தை எதுக்கு இழுக்கறீங்க? அவங்க உங்களோட பேசறதுகூட இல்லன்னு கேள்விப்பட்டேன்."

"பேசறதில்லதான். அதுக்காக அவங்க கிழிக்காத சாக்குக்கு அவங்க கூலியைப் பிடிப்பீங்களா?"

மேலாளர் இரண்டு தடவை கடிதத்தைத் திருத்தி அனுப்பினார். முதல் முறை 'கேட்டுத் தெளிந்துகொள்ளப்படாமல்' என்பது 'எதிர்பாராத காரணங்களால்' என்று மாறி வந்தது. திருப்பி அனுப்பினாள். இரண்டாம் முறை அது சரியாக இருந்தது, கூலி விஷயம் காணாமல் போயிருந்தது. அதையும் திருப்பி அனுப்பினாள். இதற்குள் கிடங்கை மூடிப் புகை மருந்து வைத்து முடித்திருந்தார்கள். புது மூட்டை இறக்க வேண்டும், புத்தகம் பார்க்க ஆள் இல்லை. மூன்றாம் முறை அவள் கேட்டபடியே வந்தது. கையெழுத்தைப் போட்டாள்.

தர அலுவலரின் வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். மேலாளருக்கு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை.

திரும்பிப் போன முதல் நாள், கிடங்குத் தரையெங்கும் செத்த அந்து. கூட்டிக் கூட்டி மூன்று தகர டப்பா நிறைந்தது. பத்து மணிக்கு மேஸ்திரி வந்தார். தோளில் கொக்கி தொங்கியது. பின்னால் நான்கைந்து பேர் நின்றார்கள்.

"கிடங்கம்மா, தப்பா நெனச்சிட்டோம். எங்களுக்காகவும் சண்டை போட்டியாமே. பெரிய மனசு உனக்கு."

விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல. அந்தத் தம்பி வாசல் வரைக்கும் வந்தானாமே? 'டாக்டர் வந்துட்டாரு, படுங்கடா'ன்னு சொன்னது யாரு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அது சும்மா, தமாஷுக்கு..."

"உங்க தமாஷுல என் பொழப்பு போச்சு, உங்க விரலும் போச்சு. அவன் அன்னைக்கு உள்ள வந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. சரி, அதை விடுங்க. சுற்றறிக்கையைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தீங்களே, நான் சத்தியம் பண்ணப்ப, 'சரி, அப்ப என்னதான் எழுதினே, காட்டு'ன்னு கேட்டீங்களா? புஸ்தகம் இந்த மேசைமேலதானே இருந்துச்சு? உங்களுக்கு அந்துன்னா தெரியும்ல? அதோ விட்டத்துல பறந்ததை நீங்களும்தானே பாத்தீங்க?"

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மேஸ்திரி மட்டும் கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் சாய்த்தார். பிறகு அவரும் போய் லாரியிலிருந்து மூட்டை இறக்க ஆரம்பித்தார். அன்று அவர் ஒரு மூட்டைக்குமேல் தூக்கவில்லை.

இரண்டு நாள் அவர் அவள் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, புத்தகத்தை எதிர்க் கட்டடத்துக்கு அனுப்ப அவள் எடுத்தபோது, எதிரே வந்து நின்றார்.

"இன்னைக்கு என்ன எழுதியிருக்கே?"

"எதுக்கு?"

"படி, கேப்போம்."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றார் மேஸ்திரி. "உன்மேலயும் இல்ல, அந்தக் கட்டடத்துமேலயும் இல்ல. எங்களைப் பத்தி என்ன போகுதுன்னு எங்களுக்குத் தெரியணும். நீ சொன்னது சரிதான், கேக்காம விட்டது தப்பு. அதான் கேக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் புத்தகத்தைத் திறந்து, நின்றபடியே படித்தாள். "ரெண்டாம் அட்டி, அடி மூட்டை மூணுல ஈரம். ஒன்பதாம் அட்டி சாய்ஞ்சிருக்கு, பிரிச்சு அடுக்கணும்."

"ஒன்பதாவது சாயல" என்றான் பின்னால் ஒருவன். "தரைதான் அங்க பள்ளம். தரையைப் பத்தி எழுதுங்க. இல்லேன்னா நாங்க சரியா அடுக்கலேன்னு ஆகும்."

"சாய்ஞ்சிருக்கறது என் கண்ணுக்குத் தெரியுது. வந்து பாரு."

"நீங்க வந்து தரையைப் பாருங்க."

கைவிளக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒன்பதாம் அட்டிக்குப் போனார்கள். மேஸ்திரி மண்டியிட்டு, தரைக்கும் அடி மூட்டைக்கும் நடுவே கையை விட்டுக் காட்டினார். மூன்று விரல் உள்ளே போயிற்று. அவள் முணுமுணுத்துக்கொண்டே மேசைக்குத் திரும்பி, எழுதியதை அடித்துவிட்டு, 'ஒன்பதாம் அட்டியின் கீழ்த் தரை பள்ளம். அதனால் சாய்வு' என்று எழுதினாள். அதையும் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தாள். கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே படித்தாள்.